தமிழ் எழுத்தும் சிக்குக் கோலமும் வெட்டினால் வினைல் பிய்ந்து வருகிறது: கோளாறு பிளேடிலா, ஃபைலிலா?

மாக்கோலம் கேட்டது:

வணக்கம். 12 அங்குல வீட்டு கட்டிங் மெஷின். பிளேடு ஆழத்தைக் கையால் திருகி 1 முதல் 10 வரை வைக்கும் வகை. வேலை இரண்டுதான். பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்கும் ஜாமெட்ரி பாக்ஸுக்கும் தமிழில் பெயர் ஸ்டிக்கர்; வாசலுக்கும் பூஜை அறைக்கும் சிக்குக் கோல ஸ்டிக்கர். இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் பிசிறில்லாமல் வருகின்றன. தமிழுக்கு வந்தால்தான் தகராறு.

மெஷினோடு வந்த மென்பொருளில் 'பூங்கொடி' என்று தட்டினால் கொம்பு ஓரிடத்தில், கால் ஓரிடத்தில், நடுவே புள்ளி போட்ட ஒரு வட்டம் என்று எழுத்து சிதறிப்போகிறது. வேறு இடத்தில் தட்டிப் படமாகக் கொண்டுவந்து வெட்டினால், 'கி'யில் மேல்வளைவான விசிறி 'க'வைத் தொடும் இடத்தில் குறுக்கே ஒரு வெட்டு விழுகிறது. மிச்ச வினைலை உரிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளிகள் அத்தனையும் அதோடு போய்விடுகின்றன. 'ழ', 'ண' இரண்டிலும் சுழி வரும் இடம் கந்தலாகக் கிழிகிறது.

கோலத்தில் வேறு கதை. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடாக வரைந்து அனுப்பினால், தடிமனே இல்லாமல் நடுவில் ஒரு கீறல் மட்டும் போட்டுவிட்டு மெஷின் நின்றுவிடுகிறது.

இப்போது வைத்திருப்பது: ஆழம் 4, அழுத்தம் 33-க்கு 20, வேகம் 10-க்கு 8. வினைல், ரேடியம் ஸ்டிக்கர் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய பளபளப்பு வெள்ளை. பெயர் எழுத்தின் உயரம் 9 மில்லிமீட்டர். ஷீட்டை ஒட்டி மெஷினுக்குள் விடும் பசைத் தகடான மேட்டிலும் (mat) கோடு கோடாக விழுந்திருக்கிறது. பிளேடு மாற்ற வேண்டுமா?

ரேடியம்கட்டர்:

பிளேடு மாத்த வேணாங்க. ஆழம் 4, அழுத்தம் 20. சிக்கல்ல பாதி இங்கயே இருக்கு.

பிளேடு உட்கார்ந்திருக்கிற அந்த உறையில ஒரு எண் கூட்டினா முனை 0.1 மில்லிமீட்டர் கூடுதலா வெளிய வரும். ரேடியம் ஷீட்ல வெட்ட வேண்டிய படலம் சுமார் 0.07, 0.08 மில்லி. பசையையும் சேர்த்தாலே 0.1 பக்கம்தான். அப்ப 1-ம் எண்ணே தாராளம். 4-ல படலம், பசை, பின்தாள் மூணையும் தாண்டி முனை மேட்டைக் கீறுது. மேட்ல கோடு விழுதுன்னு சொன்னீங்களே, அது இதுதான்.

ஆழமா போனா சுத்தமாத்தானே வெட்டணும், ஏன் பிய்க்குதுன்னு தோணும். இந்த பிளேடை மோட்டார் திருப்புறதில்லை. முனை, அது சுழல்ற அச்சுக்கு நேர் கீழ இல்லாம கால் மில்லி போலப் பின்தள்ளி இருக்கும். ஆபீஸ் நாற்காலி சக்கரம் மாதிரி, இழுக்கிற பக்கம் தானா திரும்பிக்கும். நேர்க்கோட்டுல பிரச்சனை இல்லை. 'ழ'வோட கீழ்ச்சுழி, 'ண'வோட சின்ன வளையம் மாதிரி இடத்துல முனை ரெண்டு மூணு மில்லிக்குள்ள முழு வட்டம் திரும்பணும். பின்தாள்ல ஊணிக்கிட்டு நின்னா எப்படித் திரும்பும்? திரும்பாம பக்கவாட்டுல இழுபடும், வினைலையும் தூக்கிட்டு வரும். இங்கிலீஷ் பெரிய எழுத்துல நேர்க்கோடு அதிகம், அதனால தப்பிச்சுது.

முதல்ல பிளேடு உறையைக் கழட்டிக் கையில எடுங்க. அடி மூடியைத் திருகித் திறந்தா உள்ள வினைல் நூல், தாள் தூசி சுருண்டு கிடக்கும். ஊதித் தள்ளிட்டு, முனையை விரல் நுனியால மெல்லத் தொட்டுச் சுத்திப் பாருங்க. தடையில்லாம சுழலணும். அலுமினியத் தாளை உருண்டையாக்கி முனையை நாலஞ்சு தடவை குத்தி எடுத்தா ஒட்டின பசை போயிடும். அதனால கூர் ஏறும்னு சிலர் சொல்வாங்க. ஏறாது, அழுக்குதான் போகும்.

அடுத்து ஆழத்தை 1-ல வெச்சு, உறையைப் பேனா மாதிரி செங்குத்தாப் பிடிச்சு, துண்டு வினைல்ல எழுதுற அழுத்தத்துல ஒரு கோடு இழுங்க. படலத்தை உரிச்சுட்டுப் பின்தாளைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. நகம் பட்ட மாதிரி மங்கலா ஒரு தடம் தெரிஞ்சா ஆழம் சரி. தாள் வெட்டுப்பட்டு வாய் பிளந்தா அதிகம். தடமே இல்லைன்னா ஒரு எண் ஏத்துங்க.

அப்புறம் மெஷின்ல மாட்டி, அழுத்தம் 8-ல ஆரம்பிச்சு சோதனை வெட்டு போடுங்க. சதுரத்துக்குள்ள முக்கோணம் வருமே, அது. முக்கோணம் தனியா, மூலை கிழியாம உரிஞ்சு வரணும். வரலைன்னா அழுத்தத்தை 2, 2-ஆ ஏத்துங்க, ஆழத்தைத் தொடாதீங்க. 8-க்கும் 14-க்கும் நடுவுல எங்கயோ நிக்கும். வேகம் 3-க்கு மேல வேணாம். பெயர் ஸ்டிக்கர்ல வேகத்தால மிச்சமாகிறது அரை நிமிஷம், போறது முழுத் துண்டும்.

கிரிக்கட் (Cricut) கம்பெனியோட எக்ஸ்ப்ளோர், மேக்கர் மெஷின் வெச்சிருக்கிறவங்க இதைப் படிச்சா: உங்க பிளேடுல ஆழம் திருக முடியாது. வினைல்னு பொருளைத் தேர்ந்தெடுத்துட்டு, அழுத்தத்தைக் கூட்டிக் குறைச்சுத்தான் இதே சோதனையைச் செய்யணும்.

புள்ளி உரிஞ்சு போறதுக்கு ஒரு வழி இருக்கு. மிச்ச வினைலை முன்பக்கமா எடுக்காதீங்க. வெட்டி முடிச்சதும் எதையும் உரிக்காம மொத்தத் துண்டு மேலயும் டிரான்ஸ்ஃபர் டேப்பை (வெட்டின எழுத்தை அப்படியே தூக்கி ஒட்டுற டேப்) ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டால அழுத்தித் தேய்ங்க. குப்புறப் போட்டு, பின்தாளை மடக்கி, தரையோட தரையா இழுத்து எடுத்துடுங்க. இப்ப பசைப்பக்கம் மேல இருக்கும், எழுத்து கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறித் தெரியும். தேவையில்லாத வினைலை ஊசியால ஒரு மூலையில கிளப்பி, அதையும் தரையோட படுக்க வெச்சு மெதுவா இழுங்க. புள்ளிகளோட முழு முகமும் டேப்புல பிடிச்சிருக்கிறதால நகராது. 10 மில்லிக்குக் கீழ உள்ள எழுத்துக்கு வேற வழி தேடாதீங்க.

ஒவ்வொரு பெயரைச் சுத்தியும் 3 மில்லி தள்ளி ஒரு கட்டம் போட்டு வெட்டுங்க. உரிக்கிற பரப்பு சின்னதா இருந்தா இழுவை குறையும். வெட்டினதை மறுநாளைக்கு விடாதீங்க, பசை மறுபடி கூடிக்கும். வெயில் காலத்துல இன்னும் சீக்கிரம்.

எழுத்தச்சு:

மேலே சொன்னது பிளேடுக்கு. எழுத்து சிதறுவதும் குறுக்கே வெட்டு விழுவதும் ஃபைல் கோளாறு. ஆழத்தை எவ்வளவு மாற்றினாலும் அவை போகா.

'கொ' யூனிகோடில் 'க'வும் ஒகரக் குறியும். குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. வெட்டு மெஷின்களோடு வருபவற்றில் சில, எழுத்துகளைத் தனித்தனிப் படங்களாக வரிசையில் அடுக்குவதோடு நிறுத்திக்கொள்கின்றன. குறி தாங்க எழுத்தில்லாமல் நிற்கும்போது அதைக் காட்டத்தான் அந்தப் புள்ளி வட்டம். எனவே தமிழை அங்கே தட்டவே வேண்டாம். இங்க்ஸ்கேப் இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கும். அங்கே எழுத்தை உருவமாக்கிவிட்டு, உருவத்தை மட்டும் மெஷினுக்குக் கொடுங்கள்.

பெயரைத் தட்டி, எழுத்துரு, உயரம் எல்லாம் முடிவானதும் ஒரு பிரதி எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். உருவமாக்கிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. பாத் பட்டியலில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. பிறகு குழுவைப் பிரித்து, எல்லாவற்றையும் தேர்ந்து, ஒரே உருவமாக இணைக்கும் 'யூனியன்'. 'கி'யின் குறுக்கு வெட்டுக்கு மருந்து இந்தக் கடைசி அடிதான். பல எழுத்துருக்களில் 'க'வும் விசிறியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரு தனி உருவங்கள். திரையில் கறுப்பின்மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது. பிளேடு இரண்டின் ஓரத்தையும் முழுதாகச் சுற்றும். வெட்டுவதற்கு முன் நிரப்பு வண்ணத்தை எடுத்துவிட்டு வெறும் ஓரக்கோடாகப் பாருங்கள். அதுதான் பிளேடு போகும் வழி. எழுத்துக்குள் தேவையில்லாத கோடு ஒன்று தெரிந்தாலும் அது வெட்டாக வரும்.

எழுத்துரு: வினைலுக்கு மெல்லிய எழுத்தும், தடிமன் ஏறி இறங்கும் எழுத்தும் ஆகாது. பலூ தம்பி, காய்னி இரண்டும் தடித்து, முனை உருண்டிருக்கும். முக்த மலரில் கனத்த எடையும் நல்ல தேர்வு. மூன்றும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை, விற்பனைக்குப் பயன்படுத்தவும் தடையில்லை. கூர்முனை முதலில் கிளம்பும், உருண்ட முனை கிளம்பாது.

உயரத்தில் ஒரு தப்புக்கணக்கு உண்டு. 9 மில்லிமீட்டரில் இங்கிலீஷ் வருகிறதே, தமிழ் ஏன் வராது என்றால், ஒரே உயரத்துக்குள் தமிழில் சுழிகள் அதிகம். 'ண'வில் ஒவ்வொரு வளையத்தின் உள்வெளியும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். உயிர்மெய்யின் மேல் விசிறி, கீழ்ச்சுழி இரண்டையும் விட்டு, 'ப' போன்ற எழுத்தின் உடம்பு மட்டும் 12 மில்லிமீட்டர் இருக்கட்டும். இடம் போதாவிட்டால் பெயரைச் சுருக்குங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

புள்ளிக்கு: குறைந்தது 2 மில்லிமீட்டர் விட்டம் வையுங்கள். இங்க்ஸ்கேப் 1.3 பதிப்பிலிருந்து 'ஸ்ப்ளிட் பாத்' என்று ஒன்று இருக்கிறது. அது எழுத்துகளின் உள்வெளிகளைக் காப்பாற்றிக்கொண்டே துண்டுகளைத் தனித்தனியாக்கும். புள்ளியைத் தேர்ந்து பெரிதாக்கி, எழுத்துக்கும் அதற்கும் 1 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். பழைய பதிப்பின் 'பிரேக் அபார்ட்' உள்வளையங்களையும் தனித் துண்டாக்கி எழுத்தை அடைத்துவிடும். மறுபடி 'கம்பைன்' கொடுக்க வேண்டியிருக்கும்.

மெஷினுக்குக் கொண்டுபோவது: சில்லவுட் நிறுவனத்தின் கேமியோ, போர்ட்ரெய்ட் மெஷினாக இருந்தால், இலவசமாக வரும் சில்லவுட் ஸ்டுடியோ பேசிக் பதிப்பு எஸ்விஜி (SVG) வகை ஃபைலைத் திறக்காது, டிஎக்ஸ்எஃப் (DXF) வகையைத் திறக்கும். இங்க்ஸ்கேப்பில் சேமிக்கும் வகைகளில் 'டெஸ்க்டாப் கட்டிங் பிளாட்டர்' என்று இருப்பதே டிஎக்ஸ்எஃப்தான். அலகு மில்லிமீட்டர் என்று தேர்ந்துகொள்ளுங்கள். கிரிக்கட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸ் எஸ்விஜியை நேராக எடுக்கும். எதுவானாலும் பக்கத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைச் சேர்த்து அனுப்பி, மறுமுனையில் அது 100 ஆகவே இருக்கிறதா என்று பார்த்த பிறகு அழித்துவிடுங்கள். மென்பொருள் மாறும்போது அளவு நழுவுவது அடிக்கடி நடக்கும்.

ரேடியம்கட்டர்:

பாமினி மாதிரி பழைய எழுத்துருல அடிச்சா எந்த மென்பொருள்லயும் எழுத்து உடையாதே? ரேடியம் கடைகள்ல இன்னைக்கும் அந்த வகை எழுத்துருதான் ஓடுது.

எழுத்தச்சு:

உடையாது, உண்மை. பாமினி யூனிகோடு இல்லை. இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தது. கொம்பு, எழுத்து, கால் என்று நாம் அடிக்கும் வரிசையிலேயே நிற்பதால் மென்பொருள் கோக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆனால் புள்ளியும் விசிறியும் அங்கேயும் தனி உருவம்தான், மென்பொருளில் 'வெல்ட்' கொடுத்து ஒட்டாவிட்டால் அதே குறுக்கு வெட்டு விழும். ஐம்பது பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் வாட்ஸாப்பில் யூனிகோடில் வரும்போது அதை மறுபடி தட்டுவது வீண்வேலை, எழுத்துப்பிழைக்கும் இடம் கொடுக்கும். ஒரு கடைப்பலகைக்குப் பாமினி போதும். பெயர்ப் பட்டியலுக்கு யூனிகோடிலேயே இருங்கள்.

நேர்புள்ளி:

கோலத்துக்கு வருகிறேன்.

இங்க்ஸ்கேப்பில் 4 மில்லிமீட்டர் தடிமன் என்பது கோட்டுக்குப் பூசிய மை மட்டும். மெஷின் மையைப் பார்க்காது, கோடு போகும் வழியைத்தான் பார்க்கும். அதனால் நடுவில் ஒரே கீறல். பாத் பட்டியலில் 'ஸ்ட்ரோக் டு பாத்' கொடுத்தால் இரு ஓரமும் உருவமாகும். உடனே 'யூனியன்' கொடுங்கள், இல்லாவிட்டால் கம்பி தன்னைத்தானே கடக்கும் ஒவ்வொரு சந்திப்பிலும் நாலு குறுக்கு வெட்டு விழுந்து கோலம் துண்டு துண்டாக வரும். கோலப் புத்தகத்தைப் படம் பிடித்து, மென்பொருளே கோடாக்கும்படி டிரேஸ் செய்வதை விட, கட்டத்தின்மேல் நீங்களே வரைவது மேல். டிரேஸ் செய்த வளைவில் நூற்றுக்கணக்கில் கணுக்கள் (கோடு துண்டுகள் சேரும் இடங்கள்) இருக்கும். பிளேடு ஒவ்வொன்றிலும் தடுக்கி, ஓரம் ரம்பம் போல வரும்.

அளவு: 12 அங்குல மேட்டில் வெட்டக் கிடைக்கும் பரப்பு 11.5 அங்குலம், அதாவது 292 மில்லிமீட்டர். 7 புள்ளி 7 வரிசை நேர்ப்புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி இடைவெளி 40 மில்லிமீட்டர் வைத்தால், ஆறு இடைவெளி 240, இரு பக்கமும் வெளிவளைவு 20, 20, கோட்டின் தடிமன் 4. மொத்தம் 284. ஒரே துண்டாக அடங்கும். புள்ளி 6 மில்லிமீட்டர் விட்டம். தரைக்குக் கோடு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது, துடைக்கும்போது சுருட்டிக்கொண்டு வரும்.

பெரிய கோலத்தைப் பிரித்து வெட்ட நினைப்பவர்கள் கவனிக்க. நாலு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதே, கால் பாகத்தை மட்டும் நாலு முறை வெட்டிச் சேர்க்கலாம் என்று தோன்றும். சிக்குக் கோலத்தில் அது சரிவராது. கோலத்தை மடிக்கும் அந்த நடுக்கோட்டின் மேல்தான் கம்பிகள் ஒன்றையொன்று கடக்கின்றன. அங்கேயே பிரித்தால் ஒவ்வொரு சந்திப்பும் கூர்மையான நாலு முனையாக எதிரெதிரே நிற்கும். தரையில் உரிய ஆரம்பிப்பது அங்கிருந்துதான். 12க்கு 24 அங்குல மேட்டில் இரண்டே துண்டாக வெட்டுங்கள். பிரிக்கும் கோட்டை நடுவிலிருந்து 8, 10 மில்லிமீட்டர் தள்ளி, கம்பி மட்டும் போகும் இடத்தில் வையுங்கள். ஒரு துண்டு மற்றதன் மேல் 2 மில்லிமீட்டர் ஏறி ஒட்டட்டும். படிக் கோலமாக இருந்தால் வெளிமூலைகளை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள்.

ஒட்டும் இடம்: வழவழப்பான டைல்ஸ், பாலிஷ் போட்ட கிரானைட் இரண்டிலும் நிற்கும். சொரசொரப்பு டைல்ஸில் பசைக்குப் பிடிமானம் இல்லை. வெறும் சிமென்டுத் தரை தூசி விட்டுக்கொண்டே இருக்கும், அங்கேயும் நிற்காது. விளக்கெண்ணெய், நெய் பட்ட பூஜை அறைத் தரையைச் சோப்பு நீரால் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கோலத்தின் நடுவில் குறுக்கே ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி நிறுத்துங்கள். ஒரு பாதியைத் தூக்கி, பின்தாளைக் கத்தரித்து எடுத்து, நடுவிலிருந்து வெளிநோக்கித் தேய்த்து இறக்குங்கள். பிறகு மாஸ்கிங் டேப்பை எடுத்துவிட்டு மறுபாதி. இழுத்துப் பிடித்து ஒட்டினால் அன்றைக்கு நேராகத்தான் தெரியும். நாலாம் நாள் வினைல் தன் அளவுக்குச் சுருங்கி, ஓரம் பிரியும். மூன்று நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

இன்னொன்று: கால் வைத்து ஏறும் படியில் ஒட்டாதீர்கள். ஈரமான வினைல் வழுக்கும். வயதானவர்கள் நடக்கும் வழி அது. நிலைப்படியின் ஓரத்துக்கும் மாடத்துக்கும் பூஜை அறைக்கும் மட்டும் வையுங்கள்.

தெரு வாசலுக்கு என் கருத்து வேறு. வெயிலும் தினசரித் தண்ணீரும் படும் இடத்தில் ஸ்டிக்கரை விட்டுவிட்டு, இதே மெஷினில் புள்ளித் தகடு வெட்டிக்கொள்ளுங்கள். ஓஎச்பி ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) 40 மில்லிமீட்டர் இடைவெளியில் 5 மில்லிமீட்டர் துளைகள் 49. ஆழம் 2 அல்லது 3, அதே கோட்டில் பிளேடை இரண்டு ஓட்டு, நல்ல பசையுள்ள மேட். ஏ4 ஷீட்டில் 7க்கு 5 தான் அடங்கும். ஒரு வரிசையைப் பழைய புள்ளிகளின் மேல் ஏற்றி வைத்து அடுத்ததைத் தொடரலாம். காலையில் ஈரம் காய்ந்த தரையில் வைத்து மாவைத் தூவி எடுத்தால் புள்ளி நூல் பிடித்தாற்போல் விழும். சிக்கை இழுப்பது கை. கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் புள்ளியில்தான், அது நேரானால் கோடு தானே வந்துவிடும்.

வினைல் ஷீட்டை லேசர் கட்டிங் கடையில் கொடுத்து வெட்டச் சொல்ல வேண்டாம். அது பிவிசி பிளாஸ்டிக். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு ஆவி வரும். ஆளுக்கும் கேடு, மெஷினுக்கும் கேடு.

மாக்கோலம்:

எல்லாருக்கும் நன்றி. ஆழம் 1, அழுத்தம் 10, வேகம் 3-ல் சோதனை முக்கோணம் சுத்தமாக உரிந்தது. உறைக்குள் நிஜமாகவே நூல் சுருண்டு கிடந்தது. யூனியன் கொடுத்ததும் 'கி' ஒரே உருவமாக வருகிறது. பின்பக்கமாக உரித்ததில் புள்ளி ஒன்றுகூடப் போகவில்லை.

இன்னும் இரண்டு. மேட்டில் பசை போய்விட்டது, ஷீட் நகர்கிறது. வெட்டும்போது கரண்ட் போனால் அந்தத் துண்டு வீண்தானா? 60 பாகை பிளேடு வாங்கினால் சின்ன எழுத்துக்கு இன்னும் நன்றாக இருக்கும் என்கிறார்கள், வாங்கலாமா?

காகிதக்கத்தி:

மேட்டைத் தூக்கிப் போடாதீங்க அக்கா. பெரும்பாலும் பசை இருக்கும், மேலே தூசிதான் மூடியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பல்துலக்கி. வட்டமாகத் தேய்த்து, தண்ணீர் ஓடவிட்டு, செங்குத்தாக நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நூல் ஒட்டிப் பழையபடி ஆகிவிடும். கிரிக்கட்டின் இளஞ்சிவப்புத் துணி மேட்டை மட்டும் கழுவக்கூடாது.

காய்ந்த பிறகும் ஒட்டவில்லை என்றால், சுற்றியுள்ள வெற்று ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, நடுப்பகுதியில் தற்காலிக ஒட்டுக்கான ஸ்ப்ரே பசையை மெல்லிய ஒரே பூச்சாக அடியுங்கள். ஓரத்தில் பசை பட்டால் உருளைகளில் ஒட்டி, மேட் கோணலாக இழுக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து ஒருநாளும் அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் மேல்மூடி பிளாஸ்டிக் தாளைப் போட்டு வையுங்கள். ஆடிக் காற்றில் திறந்து கிடந்த மேட்டுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

தாள் வேலை செய்பவர்களுக்கும் ஒன்று. வெட்டிய தாளை மேட்டிலிருந்து உரிக்காதீர்கள், மேட்டைத் தாளிலிருந்து உரியுங்கள். தாள் கீழே, மேட் மேலே என்று கவிழ்த்துப் போட்டு, மேட்டின் மூலையைப் பின்னுக்கு வளைத்தால் தாள் மேசைமேல் தட்டையாகக் கிடக்கும். நேராக இழுத்த தாள் சுருண்டு, பிறகு நிமிராது. ஐப்பசி, கார்த்திகையில் சார்ட் தாள் ஈரம் இழுத்து நார் பிரியும், பிளேடு மூலையில் கிழித்துவிடும். ஜிப் உறையில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்த தாளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

60 பாகை பிளேடின் விளிம்பு செங்குத்தாக இருப்பதால், அதே ஆழத்துக்குப் பொருளில் புதையும் நீளம் குறைவு, இறுக்கமான வளைவில் எளிதாகத் திரும்பும். ஆகவே சின்ன எழுத்துக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் முக்கோணமே சுத்தமாக வருகிறது என்றால் இப்போது அவசரமில்லை. இருக்கும் பிளேடு மழுங்கும்போது மாற்றிப் பாருங்கள்.

ரேடியம்கட்டர்:

கரண்ட் விஷயம். பாதியில போனா மெஷின் தன் இடத்தை மறந்துடும். மேட்டை வெளிய எடுத்து மறுபடி ஏத்தினா அரை மில்லியாவது தள்ளும், பழைய கோட்டுல விழாது. மேட்டை அசைக்காம விட்டு, கரண்ட் வந்ததும் தொடரலாம்னு முயற்சி பண்ணாதீங்க. ஆன் ஆகும்போதே தலை ஓரத்துக்கு ஓடும், உருளையும் நகரலாம். வெட்டி முடிஞ்ச பெயர்களை எடுத்துக்கிட்டு, மிச்சத்தை வேற இடத்துல வைங்க. இதுக்காகவே ஒரு ஷீட்ல பெயர்களை ஒண்ணு முடிச்சு ஒண்ணு வெட்டுற வரிசையில அனுப்பணும். எல்லாப் பெயரையும் ஒண்ணா இணைச்ச ஒரே உருவமா அனுப்பினா, எல்லாமே அரைகுறையா நிக்கும். அடாப்டர் கொஞ்ச மின்சாரம்தான் எடுக்கும், கம்ப்யூட்டருக்குப் போடற சின்ன யூபிஎஸ்லயே ரெண்டையும் சேர்த்து மாட்டலாம். இன்வெர்ட்டர் இருந்தா, மாறுற அந்த நொடியில மெஷின் அணையுதான்னு சும்மா பேனா மாட்டி ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்க.

மெஷினைச் சுவரோட ஒட்டி வெச்சிருக்கீங்களான்னும் பாருங்க. வெட்டும்போது மேட் பின்னாடி ஒரு அடி வெளிய போகும். சுவர்ல இடிச்சா அந்த இடத்துல இருந்து எல்லாக் கோடும் தள்ளி விழும். ஷீட் நகருதுன்னு சொன்னீங்களே, பசை ஒரு காரணம், இது இன்னொண்ணா இருக்கலாம்.

ரேடியம் ரோல் 2 அடி அகலம், 610 மில்லி. அதைச் சரிபாதியா 305 ஆக்கினா 12 அங்குல மேட்டுக்குப் பொருந்தும். கேமியோ வகையில பின்தாளோட மேட் இல்லாமலும் ஓட்டலாம், ஆனா ரெண்டு ஓரமும் இணையா இருந்தாத்தான். கத்தரிக்கோல்ல வெட்டினா 2 மில்லி கோணலாகும், ஒரு அடிக்கு மேல ஓடும்போது உருளை பிடிக்காம ஒரு பக்கமா ஏறிடும். இரும்பு ஸ்கேலும் புது கட்டர் பிளேடும் வெச்சு, பின்தாள் பக்கம் 50 மில்லிக்கு ஒரு பென்சில் குறி போட்டு இழுங்க. வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட சொன்னா அவங்க டேபிள்லயே ரெண்டா வெட்டித் தருவாங்க.

எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கு மட்டும் ஸ்டிக்கர் வேணாங்க. ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்கிற பாத்திரத்துல பத்து நாள் தாங்காது. பாத்திரக் கடையில பெயர் வெட்டித் தருவாங்களே, அதுதான் அதுக்கு.

மாக்கோலம்:

மெஷின் சுவரோடுதான் ஒட்டி இருந்தது. மேசையைத் திருப்பிப் போட்டாயிற்று. நேர்புள்ளி சொன்ன புள்ளித் தகட்டுக்கு ஓஎச்பி ஷீட் 100 மைக்ரான் போதுமா, 175 வேண்டுமா?

நேர்புள்ளி:

100 போதும். 175 சுருளாமல் தட்டையாக நிற்கும், ஆனால் உங்கள் மெஷினில் மூன்று ஓட்டு கேட்கும், துளையின் வட்டம் முட்டை வடிவமாகப் போகும். 100-இல் வெட்டி, நாலு ஓரத்திலும் அட்டைச் சட்டம் ஒட்டிக்கொள்ளுங்கள். தூக்கும்போது வளையாது, மாவு சிந்தாது. எடுத்ததும் துளைகளை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் அரிசி மாவு துளையிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.